மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கருவூலத்தின் கீழ்த்தளத்தில், காப்பறையின் இரும்புக் கதவுக்கு நாலடி முன்னால், தரையில் ஒரு மஞ்சள் கோடு. கையகலம்தான். வருஷத்துக்கு ஒருமுறை அதன்மேல் புதுச் சாயம் பூசுவார்கள். கோட்டைத் தாண்டலாம் என்று அரசாங்கம் எழுத்தில் கொடுத்திருப்பது இரண்டே பேருக்கு. முதல் சாவி வைத்திருப்பவர் பெரிய சாவி, இரண்டாம் சாவி வைத்திருப்பவர் சின்ன சாவி. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலரே தலையைச் சொறிவார். இருவரும் ஒரே சமயத்தில் திருப்பினால்தான் கதவு அசையும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு. அந்த நாற்காலியில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் ரசீதக்கா.

கதவு திறந்ததும் பெரிய சாவி திரும்பிப் பார்க்காமல் "நேரம்?" என்பார். இவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாள், சொன்னதை எழுதுவாள். யார் போனார், எதற்குப் போனார், கையில் என்ன கொண்டுவந்தார், கதவு மூடியது எப்போது. முத்திரைத்தாள் கட்டுகள், அரக்கு வைத்த பெட்டிகள், தேர்வு வினாத்தாள் உறைகள் எல்லாம் அவள் கண்ணெதிரே வெளியே வந்தன, உள்ளே போயின. உள்ளே எத்தனை அலமாரி, எந்தத் தட்டில் என்ன என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அலமாரியின் நிறம் மட்டும் தெரியாது.

ரசீதக்கா என்ற பேர் சும்மா வந்ததல்ல. செருப்பு தைத்த சீட்டு, கடிகாரத்துக்கு மின்கலம் மாற்றிய சீட்டு, என்றோ குடித்த டீயின் சீட்டு, எதையும் தூக்கிப் போட மாட்டாள். வீட்டில் நீலத் தகரப் பெட்டி ஒன்று, அதில் வருஷவாரியாக நூல் கட்டி அடுக்கியிருப்பாள். "அக்கா, நீங்க பொறந்ததுக்கு ரசீது இருக்கா?" என்று காவலர் கேட்பார். "இருக்கு. யார்கிட்ட திருப்பிக் கொடுக்கறதுன்னுதான் தெரியல" என்பாள். அலுவலகம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள், பல் தெரியாமல்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சின்ன சாவி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அது கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அப்போதிருந்த சின்ன சாவி ஓய்வுபெற்றார். அடுத்தது இவள்தான் என்று பெரிய சாவியே வாய்விட்டுச் சொன்னார். பாக்கி இருந்தது நம்பிக்கைப் பதவிப் படிவம் ஒன்றுதான். எட்டுப் பக்கம். பதினான்காம் கட்டம்: நீங்கள் வாங்கிய கடன், பிறருக்காகக் கையெழுத்திட்ட கடன், எப்போதாயினும். பதினைந்தாம் கட்டம்: நீங்கள் கட்டிய அபராதம், எவ்வளவு சிறியதாயினும்.

அந்த இரண்டு கட்டத்திலும் எழுத அவளிடம் விஷயம் இருந்தது. இரண்டுக்கும் காரணம் அவள் தம்பி.

அவன் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைக்க ஆசைப்பட்டான். அவனுக்குச் சம்பளம் இல்லை, எனவே கடன் சங்கத்தில் கடன் அவள் பேரில் எழுதப்பட்டது. அவன் கூடக் கையெழுத்துப் போட்டான். கடை பதினோரு மாதம் ஓடியது, ஓடிய வரையில் நண்பர்களுக்கு இலவசமாகவே ஓடியது. ஏழு தவணை நின்று, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அவள் பேர் ஏறியது. மறுமாதத்திலிருந்து அவளே சம்பளத்தில் கட்ட ஆரம்பித்தாள். அதே வருஷம் அவளுடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, உரிமம் இல்லாமல், சிவப்பு விளக்கைத் தாண்டி, நேராகப் போலீஸ்காரர் கையில் போய் நின்றான். ஓட்டியதற்கு அவனுக்கு ஓர் அபராதம், ஓட்டக் கொடுத்ததற்கு அவளுக்கு ஓர் அபராதம். நீதிமன்ற ஜன்னலில் இரண்டையும் அவளே கட்டினாள். இரண்டு ரசீதுகள், அடுத்தடுத்த எண்கள்.

படிவத்தை நிரப்பிய அன்று தம்பி அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்த நேரம். தலையில் புதுவிதமாக வகிடு.

"அக்கா, கடன் வாங்கினது யாருக்கு?"

"உனக்கு."

"செலவழிச்சது?"

"நீ."

"ஸ்கூட்டர் ஓட்டினது?"

"நீதான்டா. அதுல என்ன பெருமை?"

"அப்புறம் உன் கட்டத்துல எதுக்கு என் கதை? உன்னைப் பத்திக் கேக்கறாங்க, உன்னைப் பத்திச் சொல்லு. இல்லைன்னு போட்டுட்டு நிம்மதியா இரு."

அவன் சொன்னதில் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கோளாறு. அவள் இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினாள். நல்ல கையெழுத்து அவளுக்கு. ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்டதுபோல இருக்கும்.

படிவத்தைச் சரிபார்க்க விசாரணைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து போனார். ஆறு வாரத்தில் பதில் வந்தது. 'தகவலை மறைத்தமையால் நம்பிக்கைப் பதவிக்குத் தகுதியற்றவர். எட்டு ஆண்டுகள் மீண்டும் விண்ணப்பிக்க இயலாது.' அவ்வளவுதான். காலியிடத்துக்கு வேறு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். முதல் நாளே மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். அவர் போன நேரத்தை இவள்தான் எழுதினாள்.

மறுப்பு வந்தவர்கள் தங்கள் கோப்பைப் பார்க்க ஒருமுறை அனுமதி உண்டு. ஜன்னல் இல்லாத அறை, அரை மணி நேரம், பேனா கூடாது, பென்சில் மட்டும். எதிரே ஒரு குமாஸ்தா கொட்டாவி விட்டபடி காவல் இருப்பார். ரசீதக்கா போனாள். விசாரணைக்காரரின் குறிப்பை முதலில் படித்தாள். 'கடன் தொடர்ந்து கட்டப்பட்டு வருகிறது. அபராதம் சிறியது. இவை தடையல்ல. இரண்டையும் இல்லையென்று எழுதியதே தடை.' அதை ஒருமுறைக்கு மூன்று முறை படித்தாள். உள்ளதை எழுதியிருந்தால் சாவி அவள் இடுப்பில் இருந்திருக்கும்.

அடுத்த தாளில் 'சகோதரர் கூற்று' இருந்தது. விசாரணைக்காரர் தம்பியைப் பார்க்கப் போன நாளில் அவன் மாமனார் வீட்டில் இருந்திருக்கிறான். வருங்கால மாமனார் பக்கத்து நாற்காலியில்.

'கடன் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். எதற்கு வாங்கினார், என்ன செய்தார் என்று தெரியாது. நீதிமன்றத்துக்குப் போய் வந்ததும் பிறகுதான் தெரியும். என் சகோதரி எங்களிடம் எதையும் சொல்வதில்லை. கொஞ்சம் ஊதாரி.'

ஊதாரி. டீக்குச் சீட்டு வாங்கி வைக்கிறவளை.

அரை மணி நேரத்தில் பாக்கியிருந்த ஒன்பது நிமிஷத்தில் அந்த நாலு வரியையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள். குமாஸ்தாவிடம் கீழே ஒரு சுருக்கொப்பம் வாங்கினாள். வீட்டுக்கு வந்து நீலப் பெட்டியின் அடியில் வைத்தாள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுத்த காரணத்தை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் கல்யாணத்துக்குப் போனாள், சிரித்தாள், படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்றாள். வேலையில்லாமல் நின்றவனுக்கு மாமனார் நீதிமன்றத்தில் ஆள் கூப்பிடும் வேலை வாங்கித் தந்தபோதும் போய் வாழ்த்திவிட்டு வந்தாள். தாழ்வாரத்தில் நின்று ஊரார் பேரையெல்லாம் உரக்கக் கூப்பிடும் வேலை. குரல் அவனுக்கு எப்போதும் உண்டு.

இப்படியே வருஷங்கள் போயின. மாதாமாதம் கடன் சங்கத்துக்குப் போவாள், கட்டுவாள், ரசீதை வாங்கிப் பெட்டியில் வைப்பாள். ஒவ்வொரு ரசீதிலும் கடன்காரர் என்று அவள் பேர், கூட்டுக் கையெழுத்து என்று அவன் பேர். கடைசித் தவணை கட்டிய அன்று சங்கத்துக் காசாளர், "பெரிய பாரம் இறங்கிச்சு, இல்லம்மா?" என்றார். "ஒண்ணு இறங்கிச்சு" என்றாள் ரசீதக்கா.

இந்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை காலை தம்பி மூன்று மாடி ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. கையில் ஒரு பெரிய உறை. அதன் மூலையில் இருந்த முத்திரையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பைக் குறைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீதிமன்றத்துப் பொருள்வைப்பறைக்குக் காப்பாளர் எடுக்கறாங்க. வழக்குல பிடிச்ச நகை, பணம், வண்டிச் சாவி எல்லாம் அங்கதான். எனக்குத்தான்னு நீதிபதியே சொல்லிட்டாராம். இந்தப் படிவம் ஒண்ணுதான்."

"அப்படியா. நல்லது."

"உனக்குத்தான் இதெல்லாம் தலைகீழ்ப் பாடமாச்சே. ஒருதடவை பாரேன்."

பார்த்தாள். பதினாறாம் கட்டத்தை மட்டும் அவன் ஏற்கெனவே நிரப்பியிருந்தான். 'உடன்பிறந்தோரில் எவரேனும் நம்பிக்கைப் பதவிக்கு மறுக்கப்பட்டதுண்டா?' உண்டு, என் சகோதரி. கேட்காமல் அவனாக எழுதிய உண்மை அது ஒன்றுதான். பதினான்கும் பதினைந்தும் காலியாக இருந்தன.

"இது ரெண்டுலயும்தான் சந்தேகம்" என்றான். "சங்கத்துல கூடக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்த ஸ்கூட்டர் விவகாரம் வேற. எழுதணுமா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் இறுக மூடிவிட்டு வந்தாள். ஒன்பது வருஷமாக யோசித்து யோசித்துப் பார்த்த பழிகள் அவளிடம் பல இருந்தன. எதற்கும் நிறைய உழைக்க வேண்டும். இதற்கு அவனே உறையோடு வந்திருக்கிறான்.

"கடன் யார் பேர்ல?" என்று கேட்டாள்.

"உன் பேர்ல."

"கட்டி முடிச்சது?"

"நீதான்."

"அபராதம் கட்டினது?"

"அதுவும் நீதான்க்கா."

"அப்புறம் உன் கட்டத்துல எதுக்கு என் கதை? இல்லைன்னு போட்டுட்டு நிம்மதியா இரு."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அந்த வாக்கியம் அவனுக்கு எங்கேயோ தட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். தட்டியிருந்தால் ஒருவேளை படிவத்தைப் பிடுங்கியிருப்பாளோ என்னவோ. அவனோ பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அதான் நானும் நினைச்சேன்" என்றான். எழுதினான். இல்லை. இல்லை. பிறகு அவள் வைத்திருந்த டீயையும் குடித்துவிட்டு, மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்காரர் வந்தார். அதே மனிதர். தலை மட்டும் நரைத்திருந்தது. முழங்காலில் ஓர் அட்டை, அட்டையில் தாள், தோளில் தொங்கும் பையில் சொந்தத் தண்ணீர்ப் புட்டி. விசாரணைக்குப் போன வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது அவர் வைராக்கியம்.

"இந்த வீட்டுக்கு நான் வந்திருக்கேன்ல?" என்றார்.

"வந்திருக்கீங்க. அப்ப சுவர் பச்சை."

அவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். தம்பி எப்படி, பழக்கம் எப்படி, பணவிஷயத்தில் எப்படி.

ரசீதக்கா அன்று தம்பியைப் புகழ்ந்ததுபோல அவன் மாமனார்கூடப் புகழ்ந்ததில்லை. தங்கமான பிள்ளை என்றாள். பொறுப்பானவன் என்றாள். "ஒண்ணு சொல்றேன் சார். என் பேர்ல கடன் எழுதினப்ப கூடக் கையெழுத்துப் போட யாரும் வரல. அவன்தான் வந்தான். ஏழு தவணை நின்னப்பகூட ஓடி ஒளியல. இன்னைக்கு ஒரு காசு பாக்கி இல்லை. இருங்க, காட்டறேன்."

நீலப் பெட்டி வந்தது. நூல் கட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள். கடன் பத்திரம் மேலே. அவன் கையெழுத்து, அதன் வாலில் அவன் எப்போதும் போடும் சுழி.

விசாரணைக்காரரின் பேனா நின்றது.

"அபராதத்துலயும் அப்படித்தான்" என்றாள். "உரிமம் இல்லாம ஓட்டிட்டான். சின்ன வயசு. ஆனா நீதிமன்றத்துல போய் நின்னு தப்புன்னு ஒத்துக்கிட்டான் சார். எத்தனை பேர் ஒத்துக்குவாங்க? இதோ ரசீது. இது என்னோடது, அடுத்தது அவனோடது. எண்ணைப் பாருங்க, பக்கத்துப் பக்கத்துல."

அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டுமே இல்லைன்னு எழுதியிருக்காரேம்மா."

"அப்படியா? மறந்திருப்பான்" என்றாள் ரசீதக்கா. "கட்டினது அவனில்லையே."

அவர் வெகுநேரம் எழுதினார். அவள் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அத்தனையும் அரசாங்க முத்திரை போட்ட உண்மை. இத்தனை சுத்தமாக ஒருத்தனைக் கவிழ்க்க முடியும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

கடைசிக் கேள்வியை அவர் எல்லாரிடமும் கேட்பார். "பூட்டின அறையோட சாவியை இவர்கிட்ட கொடுத்தா, நீங்க நிம்மதியாத் தூங்குவீங்களா?"

"நான் நல்லாத் தூங்குவேன் சார்" என்றாள்.

தம்பிக்குக் கடிதம் வந்த அன்று மாலையே கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். அவன் கையில் கடிதம். அவன் வாயைத் திறக்குமுன்பே ரசீதக்காவுக்கு அதிலிருந்த வாக்கியம் தெரியும். 'தகவலை மறைத்தமையால்.' ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே இருந்தது. அலுவலகத்தில் அதற்கு ஓர் அச்சு வைத்திருப்பார்கள் போல.

"நீதானே எழுதச் சொன்ன!" நீதிமன்றத் தாழ்வாரத்துக் குரல். கீழ்வீட்டில் ஒரு நாய் குரைத்தது.

"நானேதான்."

"தெரிஞ்சே சொன்னியா?"

"உனக்குக் காது நல்லாத்தானே கேக்குது. ஊரையே கூப்பிடறவன்."

"கூடப் பொறந்தவனுக்கு இப்படிச் செய்யற மனசு எங்கேருந்து வந்துச்சு உனக்கு?"

"கூடப் பொறந்தவன்கிட்டேருந்துதான்."

தம்பி மனைவி நடுவில் வந்தாள். நல்ல பெண். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணி, என்னன்னு சொல்லிட்டாவது திட்டுங்க."

ரசீதக்கா பெட்டியின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தது, குமாஸ்தாவின் ஒப்பம் மங்கவில்லை. தம்பியிடம் கொடுக்கவில்லை, அவன் மனைவியிடம் கொடுத்தாள்.

அவள் மெதுவாகப் படித்தாள். மேலே இருந்த தேதியில் கண் நின்றது.

"இது எங்க வீட்டுல சொன்னது" என்றாள். "நான் உள்ளறையில இருந்தேன். அப்பா பக்கத்துல உக்காந்திருந்தார்." கணவனைப் பார்த்தாள். "அந்த ஆளு போனப்புறம் அப்பா உங்களைக் கேட்டார். மாப்பிள்ளை, உங்க பேர்ல எதுவும் கடன் கிடன் இல்லையேன்னு. இல்லைன்னீங்க."

"அது வந்து, அன்னைக்கு இருந்த நிலைமையில…"

"எனக்குச் சொன்னதும் அதே 'இல்லை'தானா?"

அவன் வகிட்டைத் தடவிக்கொண்டான். அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"ஊதாரின்னு சொன்னியாடா" என்றாள் ரசீதக்கா. கோபமாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்பது வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தை. வெளியே வந்தபோது கடையில் விலை கேட்கிற குரலில் வந்தது. "நான் வாங்கின செருப்புக்குச் சீட்டு இருக்கு. நீ தின்ன கடைக்கும் சீட்டு இருக்கு. எது ஊதாரித்தனம்னு எடுத்துக் காட்டு, பார்ப்போம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் திரும்பினான். "உங்க சின்ன சாவி இந்த வருஷம் ஓய்வாமே. நீ மறுபடி போடுவேல்ல? போடு. நான் போய்ச் சொல்றேன், பொய் எழுதுன்னு சொல்லிக் கொடுத்ததே என் அக்காதான்னு. பார்த்துடலாம்."

மனைவி அவனுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.

அவன் சொன்னது சரிதான். எட்டு வருஷத் தடை தீர்ந்திருந்தது. சின்ன சாவியின் இடம் காலியாகப் போகிறது. ரசீதக்கா புதுப் படிவம் வாங்கிவந்தாள். பதினான்காம் கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாள் இணைத்தாள். தவணை வாரியாக, ரசீது எண்ணோடு. பதினைந்தாம் கட்டத்தில் ஸ்கூட்டரின் நிறம்வரை எழுதினாள். பதினாறாம் கட்டத்துக்கு வந்தாள். படிவத்தைப் புதிதாக அச்சடித்திருந்தார்கள். மறுக்கப்பட்ட உடன்பிறந்தவர் உண்டா என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது: 'ஆம் எனில், காரணம் குறித்து நீங்கள் அறிந்தவை அனைத்தும்.'

அனைத்தும்.

இரண்டு நாள் அந்த வரி காலியாகக் கிடந்தது. அவளுக்கு விதி தெரியும். கடன் தடையல்ல, சிறிய அபராதம் தடையல்ல. அரசாங்கப் படிவத்தில் பொய் எழுது என்று ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்தது தடையா என்று எங்கேயும் போடவில்லை, ஆனால் ஊகிக்க முடிந்தது. எழுதாமல் விட்டால்? தம்பி போய்ச் சொல்வான், சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை. மறுபடியும் அதே அச்சு, அதே வாக்கியம், மறுபடியும் அவன் வாயால். அவன் கையில் மிச்சமிருக்கும் ஆயுதம் அது ஒன்றுதான். அதை அவனிடம் விட்டுவைக்க அவளுக்கு மனசில்லை. இன்னொன்றும் இருந்தது. தான் செய்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது, ரசீது வாங்காமல் கடையை விட்டு வருவதுபோல உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் புறப்படுமுன், நின்றபடியே எழுதினாள். 'என் சகோதரர் பதினான்கு, பதினைந்தாம் கட்டங்களில் இல்லை என்று எழுதியது என் ஆலோசனையின் பேரில். அப்படி எழுதினால் மறுக்கப்படுவார் என்று அறிந்தே சொன்னேன்.' இஸ்திரி போட்ட எழுத்து.

விசாரணைக்காரர் வந்து அதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இதை எழுதலேன்னா நான் கேக்கப்போறதில்லையே."

"அவன் உங்ககிட்ட வந்து சொல்லுவான்."

"இதுவரைக்கும் வரல."

"வர்றதுக்குள்ள நான் சொல்லிடணும் சார். அவன் சொல்லித் தெரியக் கூடாது."

"பென்சிலா இருந்தாலாவது அழிக்கலாம், பேனால எழுதியிருக்கீங்க. புதுப் படிவம் ஒண்ணு வேணா…"

"வேண்டாம்."

அவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். "முன்னாடி ஒருதடவை உங்களைத் தப்பா எழுதிட்டேனோன்னு இத்தனை வருஷத்துல ரெண்டு மூணு தடவை நினைச்சிருக்கேன்" என்றார். "இப்ப எதை எழுதறதுன்னு தெரியல."

"உள்ளதை எழுதுங்க. உங்க வேலையே அதுதானே."

கடிதம் ஐந்தாவது வாரம் கருவூலத்துக்கே வந்தது. காவலர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். ரசீதக்கா அடிமட்டத்தால் உறையின் ஓரத்தைக் கிழித்தாள்.

'விண்ணப்பதாரர் எதையும் மறைக்கவில்லை. கடனும் அபராதமும் தடையாகக் கருதப்படவில்லை. எனினும் தம் சகோதரரைத் தெரிந்தே தவறான தகவல் தரச் செய்ததாக இவரே ஒப்புக்கொண்டுள்ளமையால், இரண்டாம் சாவிப் பொறுப்பு இவருக்கு வழங்கப்படவில்லை.'

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். போன தடவை வந்த கடிதம் வேறொருவனுடைய கடனுக்கும் வேறொருவனுடைய அவசரத்துக்கும் வேறொருவன் சொல்லிக் கொடுத்த வார்த்தைக்கும் வந்தது. இதில் இருந்தது முழுக்க அவள் செய்தது. சல்லடை போட்டுச் சலித்தாலும் தம்பியின் பங்கு ஒரு துளி அகப்படாது. ஏமாற்றம்தான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நிம்மதியும் இருந்தது. அதை மறைக்கத்தான் அவள் குனிந்துகொண்டாள்.

"கிடைச்சுதா அக்கா?" என்றார் காவலர்.

"கிடைக்கல."

"அடப்பாவமே. ஏனாம்?"

"காரணம் சரியா இருக்கு" என்றாள்.

மதியம் தம்பி அழைத்தான். எப்படியோ தெரிந்திருக்கிறது. குரலில் ஒரு துள்ளல். "கேள்விப்பட்டேன். நான் போய்ச் சொல்றதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சாமே."

"ஆமா. நானே எழுதிட்டேன்."

"என்னத்தை?"

"உனக்குச் சொல்லிக் கொடுத்ததை."

அந்தப் பக்கம் பின்னணியில் தாழ்வாரம் இரைந்தது. வேறு யாரோ ஒருவர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் கடைசியில். துள்ளல் போய்விட்டிருந்தது. பழி வாங்க வைத்திருந்த ஒரே காசும் செல்லாது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் ஒருத்தன் பேசுவானே, அந்தக் குரல். "எழுதாம இருந்திருந்தா சாவி கிடைச்சிருக்குமேக்கா!"

"கிடைச்சிருக்கும். தினமும் அதைத் திருப்பும்போது உன் வாயை நினைச்சுக்கணும். இப்ப அந்தக் கவலை இல்லை. இந்தத் தடவை நீ காரணமில்லடா. போய் உன் வேலையைப் பாரு."

இணைப்பை அவளே துண்டித்தாள். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வீட்டுக்குப் போனதும் நீலப் பெட்டியில், பென்சில் தாளுக்கு மேலே வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நூலில் கட்டலாமா, தனித்தனியாகவா என்று கொஞ்சம் யோசித்தாள். தனித்தனியாகத்தான். இது அவளுடையது.

படிக்கட்டில் காலடிச் சத்தம். பெரிய சாவி வந்தார். அவருக்குப் பின்னால் புதுச் சின்ன சாவி, வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண், முதல் நாள் பதற்றத்தில் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மஞ்சள் கோட்டருகே வந்ததும் அந்தப் பெண் தயங்கி ரசீதக்காவைப் பார்த்தாள், உத்தரவு கேட்கிறவள் போல.

"தாண்டுங்க" என்றாள் ரசீதக்கா. "உங்களுக்கு எழுத்துல கொடுத்திருக்காங்க."

சாவிகள் திரும்பின. கதவு அசைந்தது.

"நேரம்?" என்றார் பெரிய சாவி, வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, பதினேழு வருஷத்தில் இல்லாத வழக்கமாக, கழுத்தை நீட்டித் திறந்த கதவுக்குள்ளும் பார்த்தாள். அலமாரி சாம்பல் நிறம். இவ்வளவுதானா என்று தோன்றியது.

"ரெண்டு பதினாலு" என்றாள். எழுதினாள்.